வலு பல்லில் இல்லை

மோட்டார் வாகனத்தின் கியர்ப் பெட்டியை வீட்டிலேயே கழற்றி, பிரித்து, திருத்தி, மீண்டும் பூட்டலாம் என்று ஒருவர் சொன்னால் நம்மவர்களிடையே இரண்டு வகையான பதில்களைக் கேட்கலாம். ஒரு சாரார், “அது நிபுணர்களின் வேலை, கை வைத்தால் உள்ளதும் கெட்டுவிடும், பாவித்த பெட்டி ஒன்றை வாங்கி மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்” என்பர். மற்றைய சாரார், பெரும்பாலும் இளைஞர்கள், வேறொரு முனையில் நிற்பர். கடினமான பற்சக்கரங்களையும் பந்தயக் கார்களுக்குரிய கிளச்சையும் வரவழைத்துப் பூட்டிவிட்டால் பெட்டி இரும்புக் கோட்டையாகிவிடும் என்பது அவர்களது எண்ணம். இரண்டுமே பிழையான கருத்துகள் என்பதையும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அறியாமைதான் என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலமெல்லாம் அரசியலையும் யுத்தத்தையும் எழுதிவந்த ஒருவனுக்குக் கியர்ப் பெட்டியில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் எமது நாட்டில் பழைய வாகனமொன்றை ஓடச் செய்வது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. பல சந்தர்ப்பங்களில் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பாகவும், ஒரு நோயாளியின் உயிராகவும் இருந்திருக்கிறது.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ். குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. அத்தகைய சூழ்நிலையில் குடாநாட்டின் வீதிகளில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் முதலிய முதிய பிரித்தானியக் கார்களேயாகும். சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை இயக்கிவிட்டு, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பிரசவ வேதனையில் துடித்த பெண்களையும் குண்டுவீச்சில் காயமடைந்தவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற வாகனங்களில் இவையும் அடங்கும்.

மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் பின்னால் இருந்த கியர்ப் பெட்டியைப் பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதன் வலுவைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் பெட்டி சரியாக இல்லையேல் கார் அசையாது. புதிய பாகம் வருவதற்கு வழியில்லாத ஊரில் அந்தப் பெட்டிகளை ஓடச் செய்தவர்கள் கராஜ்காரர்களும் கடைசல் பட்டறைக்காரர்களுமே. செத்துப்போன காரொன்றின் பெட்டியிலிருந்து ஒரு சக்கரம், இன்னொன்றிலிருந்து ஒரு தண்டு, பட்டறையில் கடைந்தெடுத்த ஒரு வளையம் என்று சேர்த்துச் சேர்த்து அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள்.

அக்காலத்தில் ஒரு கராஜில், கேம்பிறிட்ஜ் கார் ஒன்றின் பெட்டி பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. உடைந்த பல்லுள்ள சக்கரம் தனியாகக் கிடந்தது. “அண்ணை, உந்தச் சில்லை மாத்தினால் சரிதானே?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். “தம்பி, பல்லு தானா உடையிறேல்லை. அதைத் தாங்கிற பெயாரிங் முதலிலை தேய்ஞ்சிருக்கும். அதை விட்டிட்டுப் பல்லை மாத்தினால் புதுப் பல்லும் உடையும்.” பின்னாளில் பொறியியல் நூல்களைப் புரட்டியபோது, அவர் ஒரே மூச்சில் சொன்ன அதே உண்மை பல பக்கங்களில் விரித்து எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

யுத்தம் முடிந்ததோடு இந்த அறிவின் தேவை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2020 ஆம் ஆண்டு வேறொரு பாடம் புகட்டியது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிநாட்டுச் செலாவணியைப் பாதுகாக்கும் பொருட்டு வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியையும் கடந்து, கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் தம்மிடமிருந்த வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினர். முன்பு ஒரு குடாநாட்டுக்கு நேர்ந்தது பின்னர் நாடு முழுவதற்கும் வேறு வடிவில் நேர்ந்தது எனலாம்.

இனி விடயத்துக்கு வருவோம். பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும் என்பதால், இலங்கையில் இன்றும் வீதியில் காணக்கூடிய மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948 இல் அறிமுகமானது. 1960 இன் இறுதியில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையைப் பெற்றது. 1971 இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானவை செய்யப்பட்டன. 1956 இல் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் இதற்குப் பொருத்தப்பட்டன. நான்கு கியர்கள் கொண்ட இதன் பெட்டி, வீட்டில் வேலை கற்க விரும்பும் ஒருவருக்கு மிக நல்ல ஆசான்.

பெட்டிக்குள் நடப்பது மந்திரமல்ல. இயந்திரத்திலிருந்து கிளச் வழியாக ஒரு முன்தண்டு உள்ளே வருகிறது. அதன் பல், கீழேயுள்ள சக்கரத் தொகுதி ஒன்றைச் சுழற்றுகிறது. கராஜ்களில் அதனை ‘லே சாப்ற்’ என்பார்கள். அத்தொகுதியின் பற்கள், மேலே பின்னோக்கிச் செல்லும் பிரதான தண்டிலுள்ள இரண்டாம், மூன்றாம் கியர்ச் சக்கரங்களோடு எந்நேரமும் கோத்திருக்கின்றன. நாம் இக்கியர்களைப் போடும்போது, தண்டின் மீது சும்மா சுழன்றுகொண்டிருக்கும் சக்கரங்களில் ஒன்றைத் தண்டோடு பூட்டுகிறோம். அவ்வளவே. நான்காம் கியரில் முன்தண்டும் பிரதான தண்டும் நேரே பூட்டப்படுவதால் கீழ்த்தொகுதி சுமையின்றிச் சுழல்கிறது.

வேகம் வேறுபட்ட இரண்டு பாகங்களைப் பூட்டும்போது ஏற்படும் ‘கறகற’ சத்தம்தான் மோட்டார் யுகத்தின் முதல் நாற்பது ஆண்டுகளும் சாரதிகளை வதைத்தது. 1928 இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம், ஏர்ல் தொம்சன் என்ற பொறியியலாளரின் கண்டுபிடிப்பைக் கொண்டு அதற்கு விடை கண்டது. பூட்டுவதற்கு முன்னர் கூம்பு வடிவ வளையம் ஒன்று சக்கரத்தை உரசி, இரண்டின் வேகத்தையும் சமன் செய்துவிடும். ‘சின்குறோ’ என்று நாம் சுருக்கி அழைப்பது இதனைத்தான். மொறிஸ் மைனரின் முதலாம் கியருக்கு இவ்வசதி கடைசிவரை இருக்கவில்லை. ஆகவே கார் முற்றாக நிற்குமுன் முதலாம் கியரைத் திணித்தவர்களின் பெட்டிகள் அதற்குரிய தண்டனையை அனுபவித்தன.

திருத்த வேலையின் முதற்படி திருகாணியைக் கழற்றுவதல்ல, காது கொடுத்துக் கேட்பது. முதல் மூன்று கியர்களிலும் முனகிவிட்டு நான்காவதில் பெட்டி அமைதியாகிவிடுகிறதா? அப்படியானால் குற்றம் பெரும்பாலும் கீழ்த்தொகுதியிலும் அதனைத் தாங்கும் ஊசி உருளைகளிலும் இருக்கும். கார் நிற்க, கியர் போடாத நிலையில் வரும் சத்தம் கிளச்சை மிதித்தவுடன் அடங்கினால் முன்தண்டின் பெயாரிங்கையும் கீழ்த்தொகுதியையும் சந்தேகிக்க வேண்டும். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதென்றால் அது கிளச்சை விடுவிக்கும் பெயாரிங். அதற்காகக் கியர்ப் பெட்டியைப் பிரிப்பது, பல்வலிக்குக் காலில் மருந்து பூசுவதற்கு ஒப்பானது. போட்ட கியர் தானாகக் கழன்று வந்தால், பூட்டும் பற்களின் விளிம்பு உருண்டுவிட்டதா, தண்டைப் பிடித்துவைக்கும் சிறு குண்டும் சுருளும் தளர்ந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி எண்ணெயை வடித்துப் பார்ப்பது. வடிந்த எண்ணெயில் சாம்பல் நிறப் பசைபோல் நுண்ணிய துகள் இருந்தால் அது வயதின் இயல்பு. மஞ்சளாக மினுங்கினால் சின்குறோ வளையத்தின் பித்தளை தேய்ந்து வருகிறது. விரலில் குத்தும் உருக்குச் செதில்கள் வந்தால் பெயாரிங்கோ சக்கரமோ உரிகிறது. ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு காந்தமும் போதும், பெட்டி தன் கதையைத் தானே சொல்லிவிடும். பாவித்த பெட்டியை விலைக்கு வாங்கி மாற்றச் சொல்பவர்கள் இந்தக் கதையைக் கேட்பதேயில்லை. வாங்கும் பெட்டியின் கதை அவர்களுக்கு இன்னும் தெரியாது.

பிரிக்கும்போது வேண்டியது பலமல்ல, ஒழுங்கு. கழற்றிய வரிசையிலேயே பாகங்களைக் கம்பியில் கோத்து வைப்பதும், எந்தப் பக்கம் முன்னோக்கியிருந்தது என்று குறித்துக்கொள்வதும், இக்காலத்தில் கைத்தொலைபேசியால் ஒவ்வொரு படியையும் படமெடுத்து வைப்பதும் பாதி வேலை. சக்கரத் தொகுதியைத் தாங்கும் தண்டை உருவும்போது உள்ளேயுள்ள ஊசி உருளைகள் நெல்மணிபோல் சிதறிவிடும். அதற்காகவே, அத்தண்டின் அளவில் சற்றுக் குட்டையான ஒரு கம்பியைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கி, அதனால் தண்டைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். உருளைகள் கிறீசில் ஒட்டியபடி கம்பியைச் சுற்றி நிற்க, தொகுதி முழுவதும் சிதறாமல் கையில் வரும். திரும்பப் பூட்டும்போதும் அதே கம்பி வழிகாட்டும். செலவு மிகச் சொற்பம்.

அந்தத் தண்டின் மேற்பரப்பைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், உருளைகள் ஓடிய இடத்தில் அம்மைத் தழும்புபோல் சிறு குழிகள் இருப்பதை அநேகமான பழைய பெட்டிகளில் காணலாம். அதன் மீது புதிய உருளைகளைப் போடுவதில் பயனில்லை. தண்டையும் உருளைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சின்குறோ வளையத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். அதனைச் சக்கரத்தின் கூம்பில் கையால் அழுத்தி வைக்கும்போது இரண்டுக்கும் இடையே சீரான இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியின்றி வளையம் சக்கரத்தில் போய் முட்டினால் அதன் உட்புறக் கோடுகள் தேய்ந்து, எண்ணெயை அறுத்துப் பிடிக்கும் ஆற்றல் போய்விட்டது என்று பொருள்.

பெயாரிங்குகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவதைப் போன்ற பாவம் வேறில்லை. மைனரின் பெட்டி அலுமினியத்தால் ஆனது. வெப்பமேறும்போது அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். வெறும் கூட்டை வெந்நீரிலோ அடுப்பிலோ மிதமாகச் சூடாக்கினால் பெயாரிங் அமரும் துளை மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்களவு அகன்றுவிடும். குளிர்ந்த பெயாரிங் அதற்குள் சத்தமின்றி இறங்கி அமரும். அடித்து ஏற்றிய பெயாரிங்கின் குண்டுகள் ஓடுபாதையில் தடம் பதித்துவிடும். அது புதிதாக இருக்கும்போதே முதுமை அடைந்துவிட்டது.

கடைசியாக இடைவெளிகள். சக்கரத் தொகுதி முன்னும் பின்னும் எவ்வளவு அசையலாம் என்பதற்கு உற்பத்தியாளர் அளவு கொடுத்திருக்கிறார். அது அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குகள் மாத்திரமே. மென்தகட்டு அளவியைச் செருகிப் பார்த்து, தேய்ந்த உந்துவளையத்தை எடுத்துவிட்டுச் சரியான தடிப்புள்ளதைப் போட வேண்டும். இந்தப் பொறுமையான வேலைக்குத்தான் ‘திருத்துதல்’ என்ற சொல் பொருந்தும். புதிய பாகத்தைப் பூட்டிவிடுவது வெறும் மாற்றுதல்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். கியர்ப் பெட்டி என்றவுடன் கடைக்காரர் மிகத் தடித்த எண்ணெயை எடுத்து நீட்டுவார். மைனரின் பெட்டிக்கு இயந்திர எண்ணெயே போதுமென்று உற்பத்தியாளர் குறிப்பிட்டிருக்கிறார். ஜீஎல்-5 என்று குறிக்கப்பட்ட எண்ணெய்கள் பின்அச்சின் பற்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் சேர்க்கும் கந்தக, பொசுபரசுச் சேர்மங்களில் சில வகைகள் பித்தளையை அரிக்கக்கூடியவை. அத்தோடு அதிக வழுக்கல் உரசலைக் கெடுத்து, சின்குறோவைத் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும். விலை கூடிய எண்ணெய் எல்லாம் நல்ல எண்ணெய் அல்ல. கைநூலில் என்ன சொல்லப்பட்டிருக்கிறதோ அதுவே நல்ல எண்ணெய்.

இதுவரை திருத்துவதைப் பேசினோம். இனி வலுப்படுத்துவதைப் பேசுவோம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த நம் இளைஞர்களில் பலர் தம் கார்களின் இயந்திர வலுவைக் கூட்டிவிட்டு, அடுத்ததாகக் கியர்ப் பெட்டி உடைகிறதே என்று கவலைப்படுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதி கூடுதலாகப் பொருந்தும்.

1098 கன சென்ரிமீற்றர் மைனர் இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 80 நியூட்டன் மீற்றர். முதலாம் கியர் அதனை 3.6 மடங்காக்குகிறது. ஆகவே பெட்டியின் பின்முனையில் 290 நியூட்டன் மீற்றர் அளவில் விசை பிறக்கிறது. இந்த விசை பற்களைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கோத்திருக்கும் இரு சக்கரங்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துத் தள்ளவும் முயல்கிறது. பெயாரிங் தேய்ந்திருந்தாலோ, கூடு நெளிந்து கொடுத்தாலோ, தண்டுகள் மயிரிழையளவு விலகும். விலகியதும் பற்கள் முழுமையாகக் கோக்காமல் நுனிகளால் மட்டும் தொடும். நுனியில் விழும் சுமை, நெம்புகோலின் நுனியில் தொங்கும் சுமைபோல, பல்லின் அடியைப் பெயர்க்கும். பல் உடைகிறது. உடைந்தது பல், குற்றவாளி பெயாரிங். கராஜ்கார அண்ணை சொன்னதும் இதுவே.

எனவே, தேய்ந்த பெயாரிங்கும் தளர்ந்த தண்டும் உள்ள பெட்டியில் எவ்வளவு கடினமான பற்சக்கரத்தைப் போட்டாலும் அது வீண். பந்தயக் கார்களில் நேர்ப்பல் சக்கரங்கள் போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வழக்கமான சாய்பற்கள் அமைதியாக ஓடும். ஆனால் அவை தண்டை முன்னும் பின்னுமாகத் தள்ளிக் கூட்டின் சுவர்களை நெருக்கும். நேர்ப்பல் அவ்வாறு தள்ளாது. அதற்கு ஈடாக அது ஓயாமல் ஊளையிடும். பந்தயத்தில் அந்த ஓசை யாரையும் உறுத்தாது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் காரில் அது எவ்வளவு காலம் சகிக்கப்படும் என்பதை வாங்குவதற்கு முன்னரே யோசித்துக்கொள்வது நல்லது.

பல்லின் உருக்கும் கவனிக்கத்தக்கது. அதன் தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். தோலுக்கு அடியிலுள்ள உடல் அடி தாங்கும்படி வளைந்து கொடுக்கும் தன்மையோடு விடப்பட்டிருக்கும். அந்தத் தோலின் தடிப்பு மில்லிமீற்றர் கணக்கில் ஒன்றை அண்டியது. தேய்ந்த பல்லை அரைத்துச் சரிசெய்பவர்கள் அந்தத் தோலையே உரித்துவிடுகிறார்கள். உடைந்த பல்லை ஒட்டவைத்து உருவாக்குபவர்கள் அதன் பதத்தையே கெடுத்துவிடுகிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வேறு வழியின்றிச் செய்ததை வழியுள்ள காலத்தில் செய்ய வேண்டியதில்லை. சிறு உருக்குக் குண்டுகளால் பல்லின் அடியை மோதி இறுக்கும் முறை இதற்கு மாறானது. அது நெடுங்காலமாகப் பரீட்சிக்கப்பட்டது, பல்லின் ஆயுளை உண்மையாகவே கூட்டக்கூடியது. ஆனால் அதைத் தகுந்த பட்டறையில் அளவறிந்து செய்விக்க வேண்டும்.

கிளச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டு மின்சுற்றில் உருகியை எதற்காக வைக்கிறோம்? சுமை மிஞ்சும்போது மலிவான ஒன்று எரிந்து விலைகூடியதைக் காப்பதற்காக. காரில் அந்தப் பணியைச் செய்வது கிளச். இயந்திரத்தை உறுமவிட்டுக் காலைச் சட்டென்று எடுக்கும்போது, சுழலும் பறப்புச்சில்லின் விசையும் சேர்ந்து பெட்டிக்குள் பாய்கிறது. சாதாரண கிளச் அப்போது சற்று வழுக்கி அந்த அதிர்ச்சியை விழுங்கிவிடும். வழுக்காத பந்தயக் கிளச்சைப் போட்டவர் உருகி இருந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் செருகியவருக்குச் சமமானவர். பலவீனம் ஒழிந்துவிடவில்லை. அது கியர்ப் பெட்டிக்கோ பின்அச்சுக்கோ குடிபெயர்ந்திருக்கிறது. எந்த இயந்திரத்திலும் பலவீனத்துக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் எதுவென்பதை நாமே தீர்மானிப்பதுதான் வலுப்படுத்துதல்.

உண்மையில் வலு போதாது என்று கண்டால் நேர்மையான வழிகள் உள்ளன. மைனரின் 948 பெட்டியை விட 1098 உடன் வந்த, கூட்டின் வெளிப்புறத்தில் விலாக்கோடுகள் கொண்ட பெட்டி உறுதியானது, அதன் சின்குறோவும் மேலானது. அதனைத் தேடி எடுத்துச் செப்பனிட்டுப் பூட்டுவது முதல் வழி. போர்ட் சியராவின் ஐந்து கியர்ப் பெட்டியையோ, ரொயோட்டாவின் ரி50 பெட்டியையோ பொருத்தி ஓடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அது அடுத்த வழி. இவ்விரண்டும் பெட்டி முழுவதையும், கூடு தண்டு பெயாரிங் சகிதமாக, மேலான ஒன்றாக மாற்றுபவை. ஒரு பாகத்தை மட்டும் கடினமாக்கிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுபவை அல்ல.

இதற்கும் மேலாக, ஒரு சதமும் செலவில்லாத வலுவூட்டல் ஒன்றுண்டு. அது சாரதியின் கையிலும் காலிலும் இருக்கிறது. ஓடும்போது கியர்த் தடியின் மீது கையைச் சாய்த்து வைத்திருப்பவர், உள்ளேயுள்ள கவையைச் சுழலும் வளையத்தோடு ஓயாமல் உரசவிடுகிறார். வேகத்துக்குப் பொருந்தாத கியரை வலிந்து திணிப்பவர் சின்குறோவைத் தின்கிறார். பழைய தலைமுறைச் சாரதிகள் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் இயந்திர வேகத்தைச் சமன் செய்து கியர் மாற்றினார்கள். அப்பழக்கம் அவர்களுடைய பெட்டிகளின் ஆயுளை நீடித்தது.

வீட்டில் எல்லாவற்றையும் செய்யலாம் என்று நான் வாதிடவில்லை. தானியங்கிப் பெட்டிகளும் இரட்டைக் கிளச் பெட்டிகளும் விசேட கருவிகளும் கணினியும் வேண்டுபவை, அவற்றை உரியவர்களிடமே விட வேண்டும். வாகனத்தை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துவிட்டு அதன் கீழே நுழைந்தவர்கள் நசுங்கி இறந்திருக்கிறார்கள். உறுதியான தாங்கிகள் இல்லாமல் எவரும் காரின் அடியில் கால்கூட நீட்டக் கூடாது. பெட்டியை இறக்கும்போது இன்னொருவர் உடனிருப்பது அவசியம். பாகங்களைக் கழுவப் பெற்றோலைப் பாவிப்பது தீயோடு விளையாடுவது. மண்ணெண்ணெய் போதும், அதுவும் காற்றோட்டமான இடத்தில். மாலை நேரம் ஒருவருக்குச் சம்பளம் தரும் நேரமாக இருந்தால், அவர் நல்ல கராஜ்காரரிடம் கொடுத்துவிடுவதில் வெட்கமில்லை. ஆனால் வேலை என்னவென்று தெரிந்துகொண்டு கொடுப்பதற்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு, நோயாளி தன் நோயை அறிந்திருப்பதற்கும் அறியாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு.

இன்று உலகில் திருத்தும் உரிமை ஓர் அரசியற் பிரச்சினையாகியிருக்கிறது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநில மக்கள், வாகனம் திருத்துவதற்கு வேண்டிய தகவல்களை உற்பத்தியாளர்கள் பூட்டி வைக்கலாகாது என்று 2012 இலும் 2020 இலும் வாக்களித்தனர். செல்வந்த நாட்டின் மக்களுக்கே அந்த உரிமைக்காக வாக்களிக்க வேண்டியிருக்கிறதென்றால், பொருள் வரும் கப்பலை எந்நேரமும் எதிர்பார்த்திருக்கும் ஒரு தீவின் மக்களுக்கு அது எவ்வளவு முக்கியமானது? இங்கு இறக்குமதிக்கு யுத்தமும் கதவடைத்திருக்கிறது, கடனும் கதவடைத்திருக்கிறது.

திருத்தத் தெரிந்தவர்கள் எந்த உயரத்துக்குப் போகலாம் என்பதற்கும் இலங்கையிலேயே சான்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயார், கார்களைத் தூக்கியெறியாமல் தலைமுறை தலைமுறையாகப் பேண வேண்டும் என்று வாதிட்டவர். அவரும் இலங்கைப் பங்காளி ஒருவரும் இணைந்ததன் பயனாக, 1990 களில் மைனருக்கான உடற்தகடுகள் முதலிய பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன. பழைய காரை ஓட்டிக்கொண்டிருப்பது வறுமையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

எனக்குள்ள கவலை வேறொன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் கியர்ப் பெட்டிகளை உயிர்ப்பித்த கைகளுக்கு இன்று வயதாகிவிட்டது. பலர் மறைந்துவிட்டனர், பலர் புலம்பெயர்ந்து வேறு தொழில்களுக்குப் போய்விட்டனர். அவர்கள் அறிந்திருந்தது எந்த நூலிலும் தமிழில் எழுதப்படவில்லை. நாம் கவிதைக்கும் போராட்ட வரலாற்றுக்கும் ஆவணம் வேண்டும் என்று பேசுகிறோம், அது சரியே. ஆனால் பாகமில்லாத ஊரில் ஒரு பெட்டியை எப்படி ஓட வைத்தார்கள் என்பதும் இந்த மக்களின் வரலாறுதான். எந்தச் சத்தம் எந்தப் பெயாரிங், எந்தக் காரின் சக்கரம் எந்தக் காருக்குப் பொருந்தும், எதைச் செய்து பார்த்துத் தோற்றார்கள் என்பனவெல்லாம் அவர்களுடைய வாயிலிருந்தே கேட்டு எழுதப்பட வேண்டியவை.

ஆகவே, வீட்டில் பழைய பெட்டி ஒன்றை வைத்திருக்கும் வாசகர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். அதனைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் எண்ணெயை வடித்துப் பாருங்கள், பிறகு பிரித்துப் பாருங்கள். ஊரிலோ கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ உங்கள் அருகில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தால் அவரை அழைத்து ஒரு கதிரை போட்டு உட்காரவையுங்கள். வேலையை நீங்கள் செய்யுங்கள், அவர் சொல்லட்டும். அவர் சொல்வதை யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளட்டும்.